வெந்நீரூற்றை நாடிச் செல்வோரும் விட்டுவரும் எச்சங்களும்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரப் பட்டினங்களிலிருந்து உள்நாட்டை நோக்கிய உல்லாசப் பயணங்கள் அண்மைக் காலத்தில் வெகுவாக அதிகரித்துள்ளன. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலிருந்து வார இறுதி நாட்களிலும், பெருநாளை அடுத்துவரும் விடுமுறைகளிலும் வான்களும் பஸ்களும் மோட்டார் சைக்கிள் அணிகளும் மேற்கு நோக்கிப் புறப்படுவது வழமையாகிவிட்டது. யுத்தம் 2009 மே மாதத்தில் முடிவுக்கு வரும்வரை அச்சத்துடன் மட்டுமே கடக்கப்பட்ட பாதைகள் இன்று திறந்து கிடக்கின்றன. கடலையும் வயலையுமே கண்டு வளர்ந்த ஒரு தலைமுறை காட்டையும் குன்றையும் வெந்நீரூற்றையும் காணச் செல்வது வரவேற்கத்தக்கதே. ஆயினும், அவ்வாறு செல்வோர் அங்கு எவ்வாறு நடந்துகொள்கின்றனர், எதை விட்டுவிட்டு வருகின்றனர் என்ற கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது.

இலங்கையில் எரிமலைகள் இல்லை. எனினும் வெந்நீரூற்றுகள் பல உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை மத்திய மலைநாட்டுப் பாறைத் தொகுதியும் கிழக்கின் விஜயன் பாறைத் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே அமைந்துள்ளன. திருகோணமலையின் கன்னியாவும், தெற்கே அம்பாந்தோட்டை மாவட்டத்திலுள்ள மகாபெலஸ்ஸவும் நாடறிந்தவை. நமது அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதியிலும் மகாஓயா, கபுரெல்ல, பதியத்தலாவைப் பக்கத்து வகாவ என இத்தகைய ஊற்றுகள் உண்டு. இவற்றுள் மகாஓயா ஊற்றின் வெப்பநிலை ஏறக்குறைய 55 பாகை செல்சியஸ். நாட்டின் மிகச் சூடான ஊற்றுகளின் வரிசையில் அது வைத்தெண்ணப்படுகிறது. கன்னியாவின் ஏழு கிணறுகளோ மேனிக்கு இதமான இளஞ்சூட்டைக் கொண்டவை. இரண்டையும் ஒன்றெனக் கருதிச் செல்வோரே முதலில் இடருக்குள்ளாகின்றனர்.

இந்நீர் எவ்வாறு சூடாகிறது என்பதை அறிந்துகொண்டால் அதனை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதும் விளங்கிவிடும். மழைநீர் பாறை வெடிப்புகளினூடாக நிலத்தின் ஆழத்துக்குக் கசிந்து இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்கும்போது வெப்பநிலை சராசரியாக 25 முதல் 30 பாகை வரை உயரும். அந்த ஆழத்தில் சூடேறிய நீர், வேறொரு வெடிப்பின் வழியே மீண்டும் மேலெழுந்து வருகிறது. ஆகவே நாம் ஒரு வாளியில் அள்ளும் வெந்நீர் நேற்றுப் பெய்த மழையன்று. நெடுங்காலம் நிலத்தடியில் பயணித்து வந்த நீர். அது வெளிவரும் வழியும் ஓர் ஆறு போன்று அகன்றதன்று. ஒடுங்கிய பாறைப் பிளவே அதன் வாசல். அந்த வாசலை அடைப்பதற்குப் பெரிய மலை எதுவும் சரிந்து விழ வேண்டியதில்லை. கல்லும் நாணயமும் போத்தல் மூடியும் பொலித்தீனும் போதும்.

இது வெறும் ஊகமன்று. 1872இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட அமெரிக்காவின் யெலோஸ்ரோனில் 'மோர்னிங் குளோரி' என்ற வெந்நீர்த் தடாகம் உண்டு. ஆழ்ந்த நீல நிறத்துக்காகவே அப்பெயர் பெற்ற அத்தடாகத்துள் உல்லாசப் பயணிகள் பல தசாப்தங்களாக நாணயங்களையும் குப்பைகளையும் வீசி வந்தனர். அவை ஊற்றுக்கண்ணை அடைத்தன. வெந்நீர் வரத்துக் குறைந்து ஓரங்கள் குளிர்ந்தன. குறைந்த வெப்பத்தில் வாழும் நுண்ணுயிர்கள் பரவியதால் நீலம் மங்கி மஞ்சளும் செம்மஞ்சளும் படர்ந்தன. பூங்கா அதிகாரிகள் பலமுறை துப்புரவு செய்தும் பழைய நிறம் முழுமையாகத் திரும்பவில்லை. வசதியும் காவலும் மிகுந்த ஒரு நாட்டின் புகழ்பெற்ற பூங்காவுக்கே இக்கதியென்றால், காவலாளி ஒருவரேனும் நிரந்தரமாக இல்லாத நமது காட்டோர ஊற்றுகளின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே யெலோஸ்ரோனின் வெந்நீரில் வாழும் ஒரு பக்ரீரியாவைத் தோமஸ் புரொக் என்ற ஆய்வாளரும் அவரது மாணவரும் 1960களில் கண்டறிந்தனர். மரபணுத் துணுக்குகளைப் பல்கிப் பெருக்கும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு அந்த உயிரியிலிருந்து பெறப்பட்ட நொதியமே அடித்தளமாயிற்று. கொரோனாத் தொற்றுக் காலத்தில் நமது வைத்தியசாலைகளில் நடந்த பி.சி.ஆர். பரிசோதனைகளும் அந்தக் கண்டுபிடிப்பின் வழியே வந்தவைதாம். ஊற்றோரப் பாறையில் வழுக்கும் பாசியென நாம் காலால் தேய்த்துக் கழிக்கும் படலத்துக்குள் எத்தகைய பயன் ஒளிந்திருக்கும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.

முதலில் உயிர்ப்பாதுகாப்பு. 'முட்டை அவியும் ஊற்று' என்று மகாஓயாவைப் பற்றி வேடிக்கையாகப் பேசுவோர் உளர். உண்மையில் முட்டையின் வெண்கரு உறைவதற்கே 60 பாகைக்கு மேல் வேண்டும். ஆனால் 55 பாகை நீர் மனிதத் தோலை அரை நிமிடமளவில் ஆழமாகச் சுட்டுவிடப் போதுமானது. குழந்தைகளின் மென்தோலுக்கு அதனினும் குறைந்த நேரமே செல்லும். முட்டை அவியாத நீர் பிள்ளையைச் சுடாது என்று எண்ணுவது விபரீதம். ஊற்றின் விளிம்பில் பிள்ளைகளை ஓடவிடுவதும், கட்டின்மேல் ஏறி நின்று புகைப்படம் எடுப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. 2016 ஜூனில் யெலோஸ்ரோனில் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் நீராடுவதற்கு இடந்தேடிச் சென்ற இளைஞர் ஒருவர் கொதிநீர்த் தடாகத்துள் வழுக்கி வீழ்ந்து உயிரிழந்தார். அங்கு எச்சரிக்கைப் பலகைகளும் மரப்பாலங்களும் இருந்தன. அவற்றை மீறிச் சென்றதே மரணத்துக்குக் காரணமாயிற்று.

இளஞ்சூட்டு நீரிலும் அவதானம் வேண்டும். வெதுவெதுப்பான நன்னீரில் நெக்லேரியா எனப்படும் அமீபா வாழக்கூடும். அது மூக்கின் வழியாக மூளையைச் சென்றடைந்தால் உயிர் தப்புவது மிக அரிது. அண்மைய ஆண்டுகளில் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலால் மரணங்கள் நேர்ந்ததை நாம் செய்திகளில் வாசித்தோம். இந்நோய் மிக அபூர்வமானது. அதற்காக வெந்நீரூற்றையே அஞ்சி ஒதுக்க வேண்டியதில்லை. ஆயினும் தேங்கி நிற்கும் வெந்நீரில் தலையை அமிழ்த்தாதீர்கள் என்று நியூசிலாந்தில் பயணிகளுக்கு விடுக்கப்படும் எச்சரிக்கையை நாமும் பின்பற்றலாம். இருதய நோயாளரும் கர்ப்பிணிகளும் சூட்டு நீரில் நீராடுமுன் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுவது நன்று.

இனி ஒழுக்கம் பற்றிய விடயத்துக்கு வருவோம். ஊற்றில் எவ்வாறு நடந்துகொள்வது என்பதை அந்நிய நாட்டாரிடமிருந்து நாம் கற்க வேண்டியதில்லை. அது நமது வீட்டுக் கிணற்றடியிலேயே உள்ளது. நிந்தவூரின் மணற்றரையில் கிணறு இல்லாத பழைய வளவு கிடையாது. அக்கிணற்றுள் எவரும் இறங்கிக் குளிப்பதில்லை, சவர்க்காரம் கரைப்பதில்லை, எச்சில் துப்புவதில்லை. வாளியால் அள்ளி, கட்டுக்கு அப்பால் நின்று, அழுக்குநீர் கிணற்றுக்குத் திரும்பாதவாறு குளிப்பதே நமது வழக்கம். கன்னியாவிலும் காலங்காலமாக மக்கள் கிணற்றிலிருந்து அள்ளியே நீராடி வந்துள்ளனர். வெந்நீர்க் குளியலைப் பண்பாடாகவே வளர்த்துக்கொண்ட ஜப்பானியரும், வெளியே நன்கு உடல் கழுவிய பின்னரே தடாகத்துள் இறங்குவர். சவர்க்காரம் தடாகத்தை எட்டாது. வீட்டுக் கிணற்றுக்குச் செய்யத் துணியாததை ஊற்றுக்கும் செய்வதில்லை என்ற ஒரு விதியைக் கைக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஆனால் நடப்பது வேறு. வீட்டில் கிணற்றைக் காக்கும் அதே மனிதர், ஊர் எல்லையைக் கடந்ததும் ஷம்பூப் பைக்கற்றைப் பிய்த்து ஊற்றோரத்திலேயே வீசுகிறார். தனக்குரியதென்று கருதுவதைப் பேணுவதும், எவருக்கும் உரியதல்ல என்று தோன்றுவதைப் பாழாக்குவதும் நம்மிடையே வேரூன்றிவிட்ட பழக்கம். பொதுச்சொத்து என்பது ஆளில்லாச் சொத்து அன்று. எல்லோரும் ஆளாகிய சொத்து என்ற எண்ணம் இன்னும் உறுதிப்படவில்லை.

நீரின் பெறுமதியைக் கரையோர மக்களைவிட நன்கறிந்தவர் யார்? 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. எஞ்சியோர் மறுநாள் கிணற்றைப் பார்த்தபோது அதில் உப்பும் சேறும் நிரம்பியிருந்தன. குடிநீருக்கு பவுசரை எதிர்பார்த்து வரிசையில் நின்ற அந்த மாதங்களை நாற்பது வயதைக் கடந்த எவரும் மறந்திருக்க மாட்டார். அந்நாட்களில் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து சிங்கள மக்களும் உணவுப் பொதிகளோடு கரையோரத்துக்கு வந்தனர். இன்று நாம் உல்லாசமாகச் செல்லும் ஊற்றுகள் அத்தகைய கிராமங்களின் அயலிலேயே உள்ளன என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

குப்பை விடயத்தில் நமது மாவட்டத்துக்கு உலகறிந்த ஒரு அவப்பெயர் உண்டு. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் 2008 அளவில் ஏற்படுத்தப்பட்ட திறந்த குப்பைமேட்டில், அயற்காட்டு யானைகள் உணவு தேடிப் பிளாஸ்ரிக்கை உட்கொண்டு இறந்து வருவது சர்வதேசச் செய்தியாயிற்று. 2022 ஜனவரியில் மேலும் இரண்டு யானைகள் அங்கு இறந்து கிடந்தபோது, எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் இவ்வாறு மாண்டதாகத் தெரிவிக்கப்பட்டது. இறந்த யானைகளின் வயிற்றில் பொலித்தீனும் உணவு சுற்றிய தாள்களுமே காணப்பட்டன. ஊரின் குப்பையைக் காட்டோரத்தில் கொட்டியதன் விளைவு அது. உல்லாசப் பயணத்தில் சோற்றுப் பொதியின் லஞ்ச்ஷீட்டைக் காட்டுக்குள் வீசிவருவதும் அதே தவற்றின் சிறிய வடிவமேயாகும். உப்பும் எண்ணெயும் ஒட்டிய தாளை யானையோ மானோ உணவென்றே மணந்தறியும்.

சட்டங்கள் இல்லாமலில்லை. 2017 செப்டெம்பர் முதலாந் திகதியிலிருந்து பொலித்தீன் லஞ்ச்ஷீட்டும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் தடைசெய்யப்பட்டுள்ளன. 20 மில்லிலீற்றர் அல்லது அதற்குக் குறைந்த சிறு சஷே பைக்கற்றுகள் சிலவற்றுக்கு 2021இல் கட்டுப்பாடு வந்தது. 2025 நவம்பர் முதல் கடைகளில் கைபிடிப் பொலித்தீன் பைகளை இலவசமாக வழங்க முடியாது. 'கிளீன் ஸ்ரீலங்கா' வேலைத்திட்டம் 2025 ஜனவரி முதலாந் திகதி கோலாகலமாக ஆரம்பிக்கப்பட்டது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதற்கும் முந்திய காடுகள் பேணற் கட்டளைச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. இத்தனை இருந்தும் ஊற்றோரத்தில் குப்பை குறையவில்லையெனில், குறை சட்டப் புத்தகத்தில் இல்லை என்பது தெளிவு. ஆளில்லாக் காட்டில் சட்டத்தை நிறைவேற்றக்கூடிய ஒரே அதிகாரி, அங்கு செல்பவரின் மனச்சாட்சியே.

காட்டுவழி நடந்து செல்வோர் அறிந்திருக்க வேண்டியவை அதிகமில்லை. கொண்டுசென்ற அனைத்தையும், மிஞ்சிய உணவு உட்பட, திரும்பக் கொண்டுவர வேண்டும். வாழையிலையும் துணிப்பையும் நிரப்பிய தண்ணீர்ப் போத்தலும் இருந்தால் வீசுவதற்கே எதுவும் இராது. இயற்கைக் கடனுக்கு நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் குறைந்தது 60 மீற்றர் விலகி, ஒரு சாண் ஆழக் குழி தோண்டி மூடிவிட வேண்டும். நீர்நிலை, மக்கள் நடக்கும் பாதை, அவர்கள் இளைப்பாறும் நிழல் ஆகியவற்றை அசுத்தப்படுத்துவதை இஸ்லாம் வன்மையாகக் கண்டித்திருப்பதை நமது பிள்ளைகள் மதரசாவிலேயே கற்கின்றனர். கற்றதைக் காட்டிலும் கடைப்பிடிக்க வேண்டும். கிழக்கின் வறண்ட மாதங்களில் காய்ந்த புல்வெளியில் அடுப்பு மூட்டுவதும், அணையாத சிகரட்டை எறிவதும் பெருந்தீக்கு வழிவகுக்கும்.

யானையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023ஆம் ஆண்டில் மாத்திரம் நாடளாவிய ரீதியில் 470க்கும் மேற்பட்ட யானைகளும் 160க்கும் மேற்பட்ட மனிதர்களும் இம்மோதலில் உயிரிழந்தனர். அம்பாறை மாவட்டம் இதிற் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. வயலுக்குள் யானை புகுந்த இரவுகளை நிந்தவூர் விவசாயிகளும் அறிவர். அதே யானையின் வீட்டுக்குள் நாம் செல்லும்போது அந்தியும் விடியலும் அதன் நேரமென்பதை உணர்ந்து, வெயில் சாயுமுன்பே திரும்பிவிட வேண்டும். ஊரறிந்த ஒருவரின் வழிகாட்டலின்றிக் காட்டுக்குள் இறங்கலாகாது. வாகனத்தை நிறுத்தி யானைக்குப் பழம் எறிவது அன்பன்று. பாதையோரத்தில் காத்துநிற்கப் பழகிய யானை நாளை எவரோ ஒருவரின் உயிரைப் பறிக்கும்; அன்றேல் துப்பாக்கிக்கு இரையாகும்.

இவை யாவும் இயற்கையோடு தொடர்புபட்டவை. ஆயினும் நமது மாவட்டத்தில் இவ்விடயத்துக்கு வேறொரு பரிமாணமும் உண்டு. அதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது.

அம்பாறையிலிருந்து மகாஓயாவுக்குச் செல்லும் மார்க்கத்தில் அரந்தலாவ உள்ளது. 1987 ஜூன் 2ஆந் திகதி பஸ்ஸொன்றில் பயணித்த முப்பதுக்கும் மேற்பட்ட பௌத்த பிக்குகள், அவர்களுட் பலர் சிறுவர்கள், அங்கு விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அந்த இடத்தில் நினைவகம் அமைக்கப்பட்டுள்ளது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நமது சமூகம் அனுபவித்த துயருக்கு ஒப்பான துயர் அது. பள்ளிவாசலில் தொழுகையின்போது சுடப்பட்டோரின் நினைவிடத்தைக் கடக்கும் எவரும் ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்து ஆடிப் பாடிச் செல்வதை நாம் விரும்புவோமா? அரந்தலாவயைக் கடக்கும் உல்லாசப் பஸ்களும் அதே கேள்வியைத் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2018 பெப்ரவரி 26ஆந் திகதி இரவு, உணவகமொன்றின் கறியில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக எழுந்த ஆதாரமற்ற வதந்தியால் அம்பாறை நகரில் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் குற்றமற்ற ஆயிரக்கணக்கானோர் ஐயக்கண் கொண்டு நோக்கப்பட்டனர். இத்தகைய வடுக்கள் ஆறிவரும் ஒரு பிரதேசத்தில், ஊற்றோரத்தில் விட்டுவரப்படும் ஒரு குப்பைமேடு வெறும் குப்பையாக மட்டும் பார்க்கப்படுவதில்லை. 'அவர்கள் வந்து போனார்கள்' என்று அது வாசிக்கப்படுகிறது. ஒரு சிலரின் அலட்சியத்துக்கு முழுச் சமூகமும் முகவரியாக்கப்படுகிறது. இது நீதியன்று. நமது கடற்கரைக்கு வந்து போத்தல்களை விட்டுச்செல்லும் வெளியூர்ப் பயணிகளையும் நாம் அவ்வாறு இனம்பிரித்துப் பார்க்கக் கூடாது. ஆயினும் நீதியற்ற பார்வைக்கு இடங்கொடாமல் நடப்பது நமது கையிலேயே உள்ளது.

விருந்தாளியின் ஒழுக்கம் எளிமையானது. சென்ற இடத்து மக்களுக்கு அவர்களது மொழியில் ஒரு வணக்கம் சொல்லலாம். வழிகேட்டு, இளநீரோ தேநீரோ அவர்களது கடையில் வாங்கலாம். ஊற்றுக்கு முன்னரே வந்திருப்போர் குளித்து முடிக்கும்வரை பொறுத்திருக்கலாம். பெண்கள் நீராடும் இடத்தில் கைத்தொலைபேசியை உறைக்குள் இட வேண்டும். பிறர் அனுமதியின்றிக் காணொளி எடுப்பது அவமரியாதை மட்டுமன்று, குற்றமுமாகலாம். மகாஓயாப் பிரதேசத்தின் பொல்லெபெத்தையில் ஆதிவாசிகள் வாழ்கின்றனர். அவர்களுக்குக் காடு வாழ்விடமேயன்றிக் காட்சிப்பொருளன்று, அவர்களும் காட்சிப்பொருளல்லர்.

பொறுப்பு பயணிகளோடு முடிந்துவிடுவதில்லை. ஓர் இடத்தை உல்லாசத் தலமென விளம்பரப்படுத்துவோர், அங்கு மலசலகூடத்தையும் பெண்கள் உடைமாற்றும் மறைவிடத்தையும் அமைக்கக் கடமைப்பட்டவர்கள். வெப்பநிலையையும் ஆபத்தையும் விளக்கும் பலகைகள் சிங்களத்திலும் தமிழிலும் இருப்பது அரசியலமைப்பு ஏற்றுக்கொண்ட உரிமை மாத்திரமன்று, உயிர்காக்கும் ஏற்பாடுமாகும். வாசிக்க முடியாத மொழியில் எழுதப்பட்ட எச்சரிக்கை, எழுதப்படாத எச்சரிக்கைக்குச் சமம். அபிவிருத்தி என்ற பெயரில் ஊற்றைச் சுற்றிச் சீமெந்தைக் கொட்டுவதும் உகந்ததன்று. காப்புக்கட்டு வேறு, ஊற்றின் இயல்பையே மறைக்கும் கொங்கிறீற் வேறு.

கன்னியாவின் அனுபவமும் படிப்பினை தருகிறது. இராவணன் தன் தாயின் இறுதிக் கிரியைக்காக உண்டாக்கியவை என ஐதிகம் கூறும் அவ்வூற்றுகளைச் சூழ்ந்து, அங்கிருந்த பிள்ளையார் ஆலய வளவில் விகாரை அமைப்பது தொடர்பாக எழுந்த பிணக்கு 2019 ஜூலையில் ஆர்ப்பாட்டமாகி நீதிமன்றம் வரை சென்றது. ஊற்று யாருக்குரியது என்ற வழக்கு நீளும்போது, ஊற்றை யார் பேணுவது என்ற கேள்வி மறைந்துபோகிறது. மகாஓயாவிலும் ஏனைய இடங்களிலும் அத்தகைய நிலை தோன்றாதிருக்க, அயற்கிராம மக்களையும் பயணிகள் புறப்பட்டு வரும் கரையோர உள்ளூராட்சி மன்றங்களையும் ஒரே மேசையில் அமர்த்தும் முயற்சி தேவை.

இதற்குப் பெரும் நிதியொதுக்கீடு வேண்டியதில்லை. நமது ஊர்களில் பயணங்களை ஒழுங்குசெய்வோர் பெரும்பாலும் விளையாட்டுக் கழகங்களும் பாடசாலைகளும் வான் உரிமையாளர்களுமே. ஒவ்வொரு வாகனத்திலும் ஒரு குப்பைச் சாக்கு, அது நிரம்பி ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை, புறப்படுமுன் ஐந்து நிமிட அறிவுறுத்தல் ஆகியன போதும். பள்ளிவாசல் நிருவாகங்கள் பெருநாளுக்கு முந்திய ஜும்ஆவில் இதனை நினைவூட்டலாம். திரும்பிவந்த சாக்கையும் பள்ளக்காடு போன்ற இன்னொரு மேட்டுக்கு அனுப்பாதவாறு கழிவை வேறுபிரித்து அகற்றும் பொறுப்பு பிரதேச சபைகளையும் மாநகர சபைகளையும் சார்ந்தது. அது நிறைவேறாதவரை காட்டைக் காத்தோம் என்று நாம் முழுமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

நிலத்தின் ஆழத்திலிருந்து நெடுங்காலம் பயணித்து வரும் நீர் நம்மிடம் கேட்பது மிகக் குறைவு. அள்ளிக் குளியுங்கள், வாசலை அடைக்காதீர்கள், வந்தவாறே விட்டுச் செல்லுங்கள் என்பதே அது. வீட்டுக் கிணற்றடியில் இத்தனை காலமாக நாம் பேணிவந்த ஒழுக்கத்தை மகாஓயாவரை எடுத்துச் செல்வது கடினமான காரியமன்று. அடுத்த விடுமுறைக்குப் புறப்படும் வாகனங்களிலிருந்தே அதனை ஆரம்பிக்கலாம்.